புதுப்பிப்பு: மூதூர் மணல் டிப்பர், எடை பிடிபட்டது

மணல் டிப்பர்கள் எங்கட தெருவை உடைக்குது, கூடுதல் பாரத்தை எப்படி நிரூபிக்கிறது எண்டு போன மாசம் கேட்டிருந்தன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

அதிகாரிகளுக்குப் படம் அனுப்பினது எடுபடேல்ல. "பெர்மிட்டில உள்ள கியூப் (மணலின்ர கனவளவு) சரிதானே" எண்டிட்டினம். அரிசி ஆலையில லொறி நிறுக்கிற தராசில ஏத்தச் சொன்ன தம்பியின்ர யோசனைதான் சரிவந்தது. பொலிஸ் மறிச்சு நிறுத்துப் பாத்தா, பதிவுப் புத்தகத்தில உள்ள மொத்த எடையைவிட 20% கூட.

நான் நினைக்காதது: கியூப் உண்மையிலேயே சரி! ஆத்தில அள்ளின கையோட ஏத்தின ஈர மணல், கூடின பாரம் தண்ணியாலதான். தராசில நிக்கேக்கயும் பின்கதவால தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. அச்சுச் சுமை (சில்லு அச்சு ஒண்டு தெருவில அழுத்துற பாரம்) 20% ஏறினா தெருச் சேதம் ஏறத்தாழ 2 மடங்கு; சேதம் சுமையின்ர 4ஆம் அடுக்கில ஏறும் எண்ட கணக்கு அது (1.2 × 1.2 × 1.2 × 1.2). இப்ப பகலில மணலை வடியவிட்டுத்தான் ஏத்துறாங்கள். இரவோட்டம் நிக்கேல்ல.