கிளட்ச், கியர்பாக்ஸ் நடுவழியில் கைவிட்ட அனுபவங்கள்: உங்கள் வண்டியில் என்ன நடந்தது?

சேலம், பழைய டீசல் கார்

நானே ஆரம்பிக்கிறேன். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுகிறோம், 70 கொண்டை ஊசி வளைவு, வண்டியில் ஐந்து பேர், பின்னால் மூட்டை முடிச்சு வேறு. பாதி மலை தாண்டியதும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டிக்கு ஏற மனசில்லை. முள் 3000 ஆர்பிஎம் தாண்டுகிறது, வேகம் ஆள் நடக்கிற அளவுதான். அடுத்த வளைவுக்குள் தீய்ந்த நாற்றம் உள்ளே வந்துவிட்டது. ஓரங்கட்டி, நன்றாக ஆறவிட்டு, வண்டியைத் திருப்பி முதல் கியரிலேயே இறங்கிவிட்டோம்.

இது செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. முந்தைய ஓனர் கிளட்ச் பெடல் மேல் கால் வைத்தே ஓட்டும் ஆள் போல. சேலத்தில் கியர்பாக்ஸை இறக்கியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பிளேட்டில் உராய்ந்து பிடிக்கும் மேல் அடுக்கான ஃபேசிங் தேய்ந்து ரிவெட் தலை வெளியே தெரிகிறது, அந்த ரிவெட், இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் வட்ட வட்டமாகக் கோடு போட்டிருக்கிறது, நடுநடுவே சூட்டில் நீலம் பாரித்த திட்டுகள். ஃப்ளைவீல் சாதாரண வகை என்பதால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீர் செய்ய முடிந்தது. கிளட்ச் பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னார் மெக்கானிக். சரியான பேச்சு அது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிசு, ஒரு பேரிங்கை மிச்சம் பிடிக்கப்போய் அந்தக் கூலியை இன்னொரு தடவை யார் கொடுப்பது?

மதுரை, பெட்ரோல் கார்

அண்ணே, உங்களுக்காவது உண்மையிலேயே கிளட்ச் போயிருந்தது. எனக்கு கோரிப்பாளையம் சிக்னலில் பெடல் அப்படியே தரையோடு ஒட்டிக்கொண்டது, மேலே எழும்பவே இல்லை. ஷூ நுனியால் தூக்கிவிட்டு நாலைந்து முறை மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் வரும், அடுத்த சிக்னலில் மறுபடி அதே கதை. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கிளட்ச் செட் முழுசா மாத்தணும்" என்று எஸ்டிமேட் நீட்டிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தெரு முனை மெக்கானிக் ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து, பெடலோடு சேரும் ராடில் விரலைத் தேய்த்துக் காட்டினார். ஈரம். பெடல் அழுத்தத்தை ஃப்ளூயிட் வழியாகக் கிளட்சுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போய் ஃப்ளூயிட் பெடல் பக்கம் கசிந்திருக்கிறது. அதை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுத்து, புது ஃப்ளூயிட் ஊற்றியதும் பெடல் பழையபடி எழும்பியது. பிளேட்டைத் தொடவே இல்லை, வண்டி இன்றைக்கும் அதே கிளட்சில்தான் ஓடுகிறது. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. விவரம் தெரியாத ஒருத்தர் போயிருந்தால் அந்தப் பணம் முழுசும் போயிருக்கும்.

கோவை, ஏஎம்டி (கியரைத் தானே மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸ்)

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் குன்னூர் ரோட்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும், ஏற்றத்தில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும். அன்றைக்கு வண்டியை ஓட்டியது என் மைத்துனர். பிரேக் பிடிக்காமல் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தே ஏற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தார். கிளட்ச் சூடு என்று எச்சரிக்கை விளக்கு வந்தது, பிறகு கியரே விழவில்லை. இரண்டு பெடல்தான் என்பதால் பலர் இதைக் கிளட்ச் இல்லாத வண்டி என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது மேனுவலில் உள்ள அதே பிளேட்தான், நம் காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்ற கருவி அழுத்துகிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் நின்றால் பிரேக் அல்லது ஹேண்ட்பிரேக், வேறு வழி கிடையாது. இன்னொன்று, கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு புது பிளேட் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்கு அதைச் செய்யாமல் கொடுத்துவிட்டார்கள், முதல் கியரில் வண்டி குலுங்கிக் குலுங்கிக் கிளம்பியது. திரும்பக் கொண்டுபோய்ச் செய்ததும் சரியாகிவிட்டது.

சென்னை, டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்

ஓஎம்ஆர் ரோடு, சாயங்கால நெரிசல், வெயில் காலம். திடீரென்று கியர் காட்டும் இடம் மின்ன ஆரம்பித்தது. அதன்பின் 1, 3, 5 மட்டும் விழுகிறது, 2, 4, 6 வரவே இல்லை. இந்த வகை கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று, அதனால் ஒரு பக்கம் மட்டும் செத்துப்போகும். ஆயிலில் மூழ்காத டிரை வகை என்றால் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடு சீக்கிரம் ஏறும். எனக்குக் கிளட்ச் நன்றாகவே இருந்தது, அதை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்தான் போயிருந்தது. வாரண்டி இருந்ததால் தப்பித்தேன். கிளட்ச் பிளேட்டைத் தேயும் பாகம் என்று சொல்லிப் பெரும்பாலும் வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள், அதனால் எது பழுது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருச்சி, ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன்

மதுரைக்காரர் சொன்னது அடிக்கடி நடப்பதுதான். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன் நீங்களே கொஞ்சம் பார்த்துவிடலாம். சமதளத்தில், காலி ரோட்டில், நாலாவது கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. இன்ஜின் அணைத்திருக்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை, முதலில் ஃப்ளூயிடையும் சிலிண்டர்களையும் பாருங்கள். கிளட்ச் பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகப்படலாம். நியூட்ரலில் பெடலைத் தொடாதபோது வந்து, மிதித்ததும் நின்றால் இன்ஜின் சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

சில கார்களில், மாஸ்டர் சிலிண்டர் அனுப்பும் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து இருக்கும். அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், அங்கே மெக்கானிக்கைக் குறை சொல்லாதீர்கள்.

சென்னை சார், ஆட்டோமேட்டிக் நின்றுவிட்டால் கயிறு கட்டி மட்டும் இழுக்க விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பல கியர்பாக்ஸ்களில் உள்ளே ஆயில் சுற்றாது. எந்த வண்டியென்றாலும் ஃப்ளாட்பெட் லாரியை வரவழைத்து நாலு சக்கரமும் மேலே ஏறும்படி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.