புதுப்பிப்பு: மூட்டு பயோமெக்கானிக்ஸில் பிஎச்டி
வேலூரை விட்டுப் போகாமல் முழங்கால் பயோமெக்கானிக்ஸும் (மூட்டின் அசைவையும் அதன்மேல் விழும் விசையையும் ஆராய்வது) எம்ஆர்ஐ ஸ்கேனும் சேர்ந்த பிஎச்டி செய்ய வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். ஓரளவு உண்டு. சென்னை ஐஐடி, நம்மூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் மூன்றும் சேர்ந்து மருத்துவக் கருவித் துறையில் பிஎச்டி நடத்துகின்றன. காட்பாடிப் பக்கம் விஐடியும் இருக்கிறது.

நான் பேசிய பேராசிரியர் மதிப்பெண்ணையே கேட்கவில்லை. "குருத்தெலும்பைத் தனியா பிரிச்செடுக்கத் தெரியுமாப்பா?" என்றார். ஸ்கேன் படத்தில் அதை மட்டும் பிரித்துக் குறிப்பதைத்தான் சொன்னார். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் அதன் தடிமன் சில மில்லிமீட்டர்தான். எம்ஆர்ஐ படம் ஒவ்வொன்றிலும் ஓரத்தை வரைந்து, முப்பரிமாண மாதிரியாக்கி, நடக்கும்போது விழும் சுமையை அதன்மேல் ஏற்ற வேண்டும். எலும்புக்கு சிடி ஸ்கேன் போதும், குருத்தெலும்புக்குப் போதாது. ஓரம் ஒரு பிக்சல் தள்ளிப்போனாலும் அழுத்தக் கணக்கு மாறிவிடும்.

சரி என்று இலவசமாகக் கிடைக்கும் த்ரீடி ஸ்லைசர் என்ற மென்பொருளில் இதைப் பழக ஆரம்பித்திருக்கிறேன். கண்தான் எரிகிறது. அப்புறம், ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்.