நியூயோர்க் வழியா ரொறன்ரோ போகேக்க விமான நிலையக் கவுண்டரில நடந்ததுகள் (நாலு ஊரில இருந்து நாலு பேர் எழுதினது)

லண்டன்:
பிரிட்டிஷ் பாஸ்போட் வைச்சிருந்த ஒரு அம்மா. எஸ்டா (விசா இல்லாமல் அமெரிக்காவுக்குப் போக முன்கூட்டி எடுக்கிற அனுமதி), ஈடிஏ (கனடாவுக்கு விமானத்தில போக அதே மாதிரி அனுமதி) ரெண்டும் சரி. ஆனா ரிக்கெற் நியூயோர்க் வழியாப் போய் ரொறன்ரோவோட முடியுது. திரும்பி வாறதுக்கு மகன் பிறகு போடுவாராம். பெல்ட்டில ஏறின பெட்டியை அப்பிடியே திருப்பி இறக்கி அவவின்ர காலடியில வைச்சவை. அது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. விசா இல்லாமல் விமானத்தில அமெரிக்காவுக்குள்ள இறங்கிற ஆளிட்ட திரும்பிப் போற ரிக்கெற்றோ அப்பால் போற ரிக்கெற்றோ இருக்கவேணும். அந்த ரிக்கெற் கனடாவிலயோ மெக்சிக்கோவிலயோ பக்கத்துக் கரீபியன் தீவுகளிலயோ முடிஞ்சால் செல்லாது. அங்க நிரந்தர வதிவிடம் உள்ளவைக்கு மட்டும் விலக்கு.

பாரிஸ்:
அதுக்குத்தான் ரிட்டேர்னோட சேர்த்து எடுக்கச் சொல்லுறது. ரிட்டேர்ன் இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை. ரெண்டு மணித்தியாலம் மாறி ஏறிறதுக்கும் எஸ்டா வேணும், அதை மட்டும் மறக்காதேங்கோ. துபாய் மாதிரி உள்ளுக்கயே இருந்து மாறிப்போற வசதி அமெரிக்காவில இல்லை. குடிவரவு முடிச்சு, வழமையா பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேணும்.

ஸ்காபரோ (ரொறன்ரோ):
ரிட்டேர்ன் இருந்தாப் போதும் எண்டு தயவுசெய்து எழுதாதேங்கோ. கனடாவில வழமையா 6 மாதம் நிக்கலாம். அதை நம்பி 5 மாதத்துக்கு ரிட்டேர்ன் போட்டு வாற ஆக்கள்தான் மாட்டுப்படுகினம். போகேக்க அமெரிக்காவில நிக்கத் தாற 90 நாள் கனடாவில நிக்கேக்கயும் ஓடிக்கொண்டிருக்கும். போறது, நிக்கிறது, அதே வழியால திரும்பிறது எல்லாம் 90க்குள்ள அடங்கவேணும். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில அமெரிக்கக் குடிவரவுச் சோதனை விமானம் ஏற முதலே நடக்கிறதால, கேள்வியும் அங்கேயே வரும். அப்பிடி வந்த ஒரு வயசான சோடி, கடைசியில நேர விமானத்துக்குப் புது ரிக்கெற் எடுத்துத்தான் பாரிஸ் போய்ச் சேர்ந்தது.

பேரப்பிள்ளையளோட கனநாள் நிக்க வாறதெண்டால் நேர ரொறன்ரோவுக்கு வாங்கோ. ஈடிஏ 7 கனேடிய டொலர்தான். 5 வருசம், இல்லாட்டி பாஸ்போட் முடியுமட்டும் செல்லும். நியூயோர்க் பாக்க ஆசையெண்டால் இங்கயிருந்து நயாகரா ரெயின்போ பாலத்தால போகலாம். தரைவழிக்கு ரிட்டேர்ன் ரிக்கெற் கேக்கிறேல்லை. ஆனா 2022 ஒக்டோபர் 1 தொடக்கம் தரைவழிக்கும் எஸ்டா வேணும். 2025 செப்ரெம்பர் 30இல எஸ்டா 21 அமெரிக்க டொலரில இருந்து 40 ஆகிட்டுது, எல்லையில எடுக்கிற ஐ-94 எண்ட வருகைப் பதிவு 6இல இருந்து 30. காரில திரும்பி கனடாவுக்குள்ள வரேக்க ஈடிஏ கேக்கமாட்டினம். அது விமானத்துக்கு மட்டும்.

டோர்ட்முண்ட்:
90 நாளைப் பற்றி ஸ்காபரோ சொன்னது சரி. ஆனா இஞ்ச கவுண்டரில ஆக்கள் மறிபடுறது ஒரு எழுத்தால. ஜெர்மன் பாஸ்போட் நம்பரில ‘ஓ’ எழுத்து வாறதே இல்லை. வட்டமா இருந்தா அது பூச்சியம். ‘ஓ’ எண்டு அடிச்சால் ஈடிஏ கிடைச்சிடும், காசும் போயிடும், ஆனா விமான நிலையத்தில பாஸ்போட்டை ஸ்கான் பண்ணேக்க அனுமதி இல்லை எண்டுதான் காட்டும். திருத்த ஏலாது, புதுசா எடுக்கவேணும். பாஸ்போட் மாத்தினாலும் அதே கதைதான், எஸ்டாவும் சேர்த்து.

இன்னுமொண்டு. ஐரோப்பாவில வதிவிட அட்டை இருந்தாலும் கையில இலங்கை, இந்தியப் பாஸ்போட் எண்டால் எஸ்டா, ஈடிஏ ரெண்டும் கிடையாது. கனடாவுக்கு விசா, அமெரிக்காவால மாறிப் போகத் தனியா சி-1 விசா.