பி.எஸ்சி. கணிதத்திற்குப் பின் எம்.எஸ்சி. புள்ளியியல்: சேரலாமா?

கேள்வி – அம்பாசமுத்திரம் மாணவி

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் இறுதிப் பருவம் படித்து வருகிறேன். அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேர விரும்புகிறேன். வீட்டிலோ எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து ஆசிரியையாகப் போகச் சொல்கிறார்கள். புள்ளியியலை அலைட் பாடமாகப் படித்திருப்பதால், கூட்டுச்சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவுக் கெழு ஆகியவற்றைக் கணக்கிடுவதில் எனக்குச் சிரமமில்லை. ஆனால், ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வின் கணிதப் புள்ளியியல் வினாத்தாளை எடுத்துப் பார்த்தபோது, பல வினாக்களை எங்கிருந்து தொடங்குவது என்றே விளங்கவில்லை. மாதிரியின் விலக்க வர்க்கச் சராசரியை (திட்டவிலக்கத்தின் வர்க்கத்தை) காணும்போது உறுப்புகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுப்பது ஏன் என்பதற்குக்கூட எனக்கு விடை தெரியவில்லை. இந்நிலையில் இப்படிப்பைத் தேர்ந்தெடுப்பது சரியாகுமா என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் – புள்ளியியல் பேராசிரியை, திருநெல்வேலி

தங்கையே, உங்கள் தடுமாற்றம் கணக்கீட்டில் இல்லை, நிகழ்தகவில் இருக்கிறது. அலைட் பாடத்தில் கையிலுள்ள எண்களைச் சுருக்கிச் சொல்லக் கற்றீர்கள். முதுநிலையிலோ அந்த எண்கள் எந்த முழுமைத் தொகுதியிலிருந்து வந்தனவோ அதைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதே கேள்வி. இதற்கு வேண்டிய கருவிகளான நேரியல் இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு, பன்மாறித் தொகையீடு ஆகியவற்றைக் கணித மாணவியாகிய நீங்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறீர்கள். சேர்வதற்கு முன் நிபந்தனை நிகழ்தகவு, எதிர்பார்த்தல் (நிகழ்தகவை வைத்துக் காணும் சராசரி மதிப்பு), பரவல்கள் ஆகிய மூன்றையும் ஊன்றிப் படித்தால் முதல் பருவம் உங்களை அச்சுறுத்தாது.

ஒன்றைக் குறைப்பதன் காரணம் இதுதான். மாதிரியின் சராசரி அந்த மாதிரியிலிருந்தே கணக்கிடப்படுவதால், உறுப்புகள் உண்மைச் சராசரியைவிட அதற்கே நெருக்கமாக அமைந்துவிடுகின்றன. ஆகவே விலக்க வர்க்கங்களின் கூடுதல் சிறுத்துப்போகிறது. வகுக்கும் எண்ணைக் குறைப்பது அதை ஈடுசெய்கிறது.

உங்கள் ஊரிலேயே நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிசான நெல் பருவத்தில் இரண்டு நெல் ரகங்களை ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கால்வாயின் தலைமடை வயலிலும் மற்றதைக் கடைமடை வயலிலும் நட்டால், விளைச்சல் வேறுபாடு ரகத்தால் வந்ததா, தண்ணீரால் வந்ததா என்று எவராலும் பிரித்தறிய முடியாது. அறுவடைக்குப் பின் எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டாலும் பயனில்லை. தலைமடையை ஒரு தொகுதியாகவும் கடைமடையை இன்னொரு தொகுதியாகவும் கொண்டு, ஒவ்வொன்றினுள்ளும் பல பாத்திகளில் இரண்டு ரகங்களையும் குலுக்கல் முறையில் நட்டால் மட்டுமே விடை கிடைக்கும். 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர் வயல்வெளிகளில் கட்டியெழுப்பிய இத்துறைதான் பரிசோதனைத் திட்ட அமைப்பு என்ற பெயரில் முதுநிலையில் பாடமாக இருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்கள் மனம் கிளர்ந்தால், புள்ளியியலைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள்.

பதில் – அரசுப் பணியிலுள்ள ஒருவர், தென்காசி

வேலை வாய்ப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியையாவதுதான் உங்கள் உறுதியான விருப்பம் என்றால் எம்.எஸ்சி. கணிதமே படியுங்கள், அந்தப் பணிக்கு முதுநிலையும் அதே பாடத்தில் இருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியப் பணிக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் கணித அறிவியல் தாளில் புள்ளியியலும் ஒரு பகுதி என்பதால் அந்த வழி இரு பாடத்தாருக்கும் திறந்திருக்கிறது. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வில் 200 மதிப்பெண் வீதம் நான்கு புள்ளியியல் தாள்கள் உள்ளன. பட்டத்தில் புள்ளியியல் இருக்க வேண்டும் என்பது அதன் தகுதி, எம்.எஸ்சி. புள்ளியியல் படித்தவருக்கு அதில் ஐயமே எழாது. வீட்டில் அப்பாவிடம் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள்.

மாணவி

நன்றி அக்கா, நன்றி அண்ணாச்சி. 2, 4 என்னும் இரண்டே எண்களை முழுமைத் தொகுதியாக வைத்துப் பார்த்தேன். அதன் விலக்க வர்க்கச் சராசரி 1. எடுத்ததைத் திருப்பி வைத்து இரண்டிரண்டாக எடுத்தால் நான்கு மாதிரிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு மாதிரியின் விலக்க வர்க்கங்களின் கூடுதலையும் இரண்டால் வகுத்தபோது அந்த நான்கு விடைகளின் சராசரி 0.5 என்றும், ஒன்றால் வகுத்தபோது சரியாக 1 என்றும் வருகிறது. இதைப் பொதுவாக நிறுவுவது எப்படி?

பேராசிரியை

சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு விலக்கத்தையும் உண்மைச் சராசரியிலிருந்து எழுதி, மாதிரிச் சராசரியின் விலக்கத்தைக் கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். பிறகு எதிர்பார்த்தலை எடுத்தால், முழுமைத் தொகுதியின் விலக்க வர்க்கச் சராசரியின் உறுப்பு எண்ணிக்கை மடங்கிலிருந்து ஒரு மடங்கு கழிவதை நீங்களே காண்பீர்கள். அது முடிந்ததும், அதே 2, 4 எண்களைத் திருப்பி வைக்காமல் எடுத்துப் பாருங்கள். ஒன்றைக் குறைத்து வகுத்தும் விடை 1 ஆக வராது, 2 ஆக வரும். அதன் காரணத்தை, மாதிரி எடுக்கும் முறைகளைப் பற்றிய கூறெடுப்புக் கோட்பாட்டின் தொடக்கப் பாடங்களில் தேடிப் படித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். நான் சரிபார்த்துச் சொல்கிறேன்.