பிள்ளை பெற்றபின் சீலையால் வயிறு கட்டினவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (திருக்கோணமலை, சுற்றுவட்டாரம்)

உவர்மலைக்காரி:
இரண்டாவது பிள்ளை, சிசேரியன், நாலு வருசத்துக்கு முன். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த அடுத்த நாளே மாமி சீலையோடு வந்து நின்றார். எந்தச் சீலை என்று உங்களுக்கு விளங்கும், எல்லா வீட்டு அலுமாரியிலும் ஒன்று இருக்கும். தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிப்போன பழைய நூல்சீலை. காயம் இருக்கு மாமி என்றேன். "காயத்துக்கு மேலால்தான் கட்டுறன், இறுக்கினால்தான் வயிறு வத்தும்" என்றார். முடிச்சை முதுகுப் பக்கம் போட்டார், முன்னால் போட்டால் பால் கொடுக்கும்போது பிள்ளைக்குக் குத்துமாம்.

இரவு இரண்டு மணி இருக்கும். பால் கொடுத்துவிட்டுச் சரிந்தால் மூச்சு மேலே வரவில்லை. இவர் எழும்பி, போன் வெளிச்சத்தில் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வியர்வையில் ஊறி இறுகிப்போய் இருந்தது. பல்லாலும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கைக்குக் கிடைத்தது பிள்ளைக்கு நகம் வெட்டுகிற குட்டிக் கத்திரிக்கோல். அதால் வெட்டினார், நறுக் நறுக்கென்று, முடியவே முடியாத மாதிரி. மாமி அதே அறையில் பாயில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

காலையில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு துண்டையும் எடுத்து, தொங்கின நூலையெல்லாம் விரலில் சுற்றி இழுத்தெடுத்து, மடித்து வைத்தார். அது மாமியுடைய அம்மாவின் சீலை என்று இவர் பிறகுதான் சொன்னார். அன்றிரவு மாமி நித்திரையா, முழிப்பா? இன்றுவரை நான் கேட்கவில்லை.

பாலையூற்று_பெடிச்சி:
உங்களுக்குக் கட்ட ஒரு மாமியாவது இருந்தார். எனக்கு அம்மா இல்லை, கணவர் கட்டாரில், அக்கா லண்டனில் இருந்து வீடியோ கோலில் கத்துகிறாள். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் எழும்பி நின்றால் உள்ளுக்குள் எல்லாம் கழன்று விழுகிற மாதிரி. அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சீலையின் ஒரு தலைப்பை ஜன்னல் கம்பியில் கட்டினேன். மற்றத் தலைப்பை இடுப்பில் பிடித்துக்கொண்டு, அறைக்குள் சுற்றிச் சுற்றி ஜன்னலை நோக்கிப் போனேன். பம்பரம் மாதிரி! ஜன்னலுக்குக் கிட்டப் போகும்போது பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு அங்கால் விளக்குமாறோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறா. இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. பின்னேரம் பத்தியக்கறியோடு வந்தா. அடுத்த நாளில் இருந்து முப்பத்தோராம் நாள்வரை அவதான் கட்டிவிட்டா.

கிண்ணியா_மூத்தவள்:
எங்கள் பக்கம் நாற்பது நாள். உம்மா கட்டும் கட்டு இரண்டு சுற்று, ஒரு பின், அவ்வளவுதான். அதனால் கோலாலம்பூரில் மகன் பிறந்தபோது நான் பெரிதாக யோசிக்கவில்லை. அங்கே வந்த மலாய்க்காரக் கிழவி கொண்டுவந்த துணியைப் பார்த்துத்தான் திகைத்துப்போனேன். ஒரு சாண் அகலம், நீளம் பத்துப் பதினைந்து மீற்றர் வரும். பெங்குங் என்பார்கள். இடுப்பில் தொடங்கி நெஞ்சுக்குக் கீழ்வரை ஏறும். சுற்றுக்கு ஒரு முடிச்சு, முடிச்செல்லாம் முன்னால் நேர்கோட்டில், பின்னின தலைமயிர் மாதிரி. அதற்கு முதல் சுண்ணாம்பில் குழைத்த ஒன்றை வயிற்றில் பூசினா. குளிருவதா எரிவதா என்று சொல்ல முடியாது.

கிழவி ஒவ்வொரு முடிச்சுக்கும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, மூச்சை இழு என்று கையால் காட்டுவா. இழுத்துக் காட்டினால்தான் அடுத்த சுற்று. உவர்மலைக்காரி எழுதினதை வாசித்ததும் அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது: பிழை சீலையிலும் இல்லை, மாமியிலும் இல்லை. முதுகில் போட்ட முடிச்சில்தான் பிழை. கட்டுப்பட்டவளுக்கே அவிழ்க்க முடியாதது என்ன கட்டு?

ஓய்வுபெற்ற_தாதி:
பிரசவ வார்டில் வருசக்கணக்காக நின்றவள் நான். ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள். கட்டை அவிழ்த்தால் தையலுக்கு மேல் துணி ஒட்டிப்போய் இருந்தது. சேலைன் தண்ணீரால் நனைத்து நனைத்து எடுத்தோம். அவள் அழவில்லை, தாய்தான் வாசலில் நின்று அழுதார். அந்த வாடை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

அதனால் சிலதைச் சொல்ல வேண்டும். முதலாவது, கட்டினால் கர்ப்பப்பை சுருங்கும் என்பது இல்லை. அது தானாகச் சுருங்கும். பிள்ளை பிறந்த உடனே தொப்புள் மட்டத்தில் இருக்கும், பிறகு நாளுக்கு ஏறத்தாழ ஒரு விரல் அளவு இறங்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் இடுப்பெலும்புக்குள் போய்விடும், வெளியில் கைக்குத் தட்டுப்படாது. பழைய அளவுக்கு வர ஆறு கிழமை வேண்டும். பால் கொடுக்கும்போது அடிவயிறு பிடித்து இழுக்கிறதே, அந்த வேலைதான் அங்கே நடக்கிறது. வயிற்றின் நடுவில் தசை விலகி நிற்பது வேறு விசயம், கட்டு அதை ஒட்டவைக்காது. எழும்பி நடக்கத் தாங்கலாக இருக்கும், சிசேரியன்காரருக்கு இருமும்போது நோ குறையும். அதை நான் மறுக்கவில்லை, நாங்களே பெல்ட் போடச் சொல்லியிருக்கிறோம்.

ஆனால் மேலே இறுக்கினால் அழுத்தம் கீழேதான் போகும். கருப்பை இறக்கம் உள்ளவளுக்கும், தும்மினால் சிறுநீர் கசிகிறவளுக்கும் அது கூடாது. இடுப்பில் இருந்து மேல்நோக்கிக் கட்டுங்கள். துணிக்குள் கை தாராளமாகப் போய்வர வேண்டும். படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள். தையல் காய்ந்து, டொக்டர் பார்த்த பிறகுதான் அதன் மேல் துணி. காய்ச்சல், பிறப்புறுப்பால் நாற்றமடிக்கிற போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, இதில் எது வந்தாலும் கட்டையும் பத்தியத்தையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது சீலையை ஒளிக்காதீர்கள், அவிழ்த்துக் காட்டுங்கள். இன்னொன்று, பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறவர்கள்...

பாலையூற்று_பெடிச்சி:
தாதி அக்கா, தண்ணீர்க் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இங்கே கேட்டது அனுபவம். 😀

சாம்பல்தீவு_மகள்:
அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். அம்மாவுக்கு இந்த உரையாடலை வாசித்துக் காட்டினேன். தாதி சொன்னது சரிதானாம், ஆனால் எல்லாருக்கும் வார்டும் கட்டிலும் கிடைக்கவில்லையாம்.

1990, ஆனி மாதம். அண்ணா பிறந்து ஆறு நாள். சண்டை தொடங்கி ஊரே வெளிக்கிடுகிறது. அம்மம்மா அம்மாவை நிற்கவைத்து, நூல்சீலையை இரண்டாகக் கிழித்து, வயிற்றை வரிந்து கட்டினாராம். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் தோட்டையும் சங்கிலியையும் வைத்தார். அடுத்த சுற்றுக்குள் அடையாள அட்டை, பொலித்தீனில் சுற்றின காசு. பிறகு பிள்ளையைக் கையில் கொடுத்தார். காட்டுப் பாதையால் நடை, இடையில் கொஞ்சத் தூரம் உழவு இயந்திரப் பெட்டியில். பதினொரு நாள் அந்தக் கட்டு அவிழவில்லை. அவிழ்த்தபோது சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தோலில் பதிந்திருந்ததாம். அம்மா இப்பவும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்குத் தெரிகிறது.

வயிறு வத்தினதா என்று கேட்டேன். "அங்கே தின்ன என்ன இருந்தது, வத்தாமல்?" என்றார்.

ஓய்வுபெற்ற_தாதி:
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அப்படி நடந்தவர்கள் சிலரை நானும் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு வாதம் இல்லை.

நிலாவெளி_டோக்கியோ:
எல்லாரும் பிறகு கட்டினதையே சொல்கிறீர்கள். இங்கே ஜப்பானில் பிள்ளை பிறக்க முன்னமே கட்டுகிறார்கள். ஐந்தாம் மாதம், நாட்காட்டியில் நாய் நாள் என்று ஒன்று வரும். நாய் லேசாகக் குட்டி போடுமாம், அதனால். கோயிலுக்குப் போய் வெள்ளைத் துணி வாங்கி வயிற்றில் சுற்றிக்கொள்கிறார்கள், இறுக்குவதற்கில்லை, சும்மா தாங்க. நானும் அவரும் போனோம். கியூவில் நின்ற பெண்களின் மாமிமார் எல்லாரும் கூடவே. அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினால், "நாயின்ட நாளில் என்ன கோயில்? கோணேசருக்கு ஒரு அர்ச்சனை செய்யிறன், அந்தத் துணியைக் கழற்று" என்கிறா. கழற்றவில்லை. அர்ச்சனையும் நடந்தது.

உவர்மலைக்காரி:
எல்லாவற்றையும் வாசித்தேன். கிண்ணியா அக்கா, முதுகு முடிச்சைப் பற்றி நீங்கள் சொன்னதை இவரிடம் சொன்னேன். "அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்கிறார், வெட்டினது தன்னுடைய குற்றம் மாதிரி.

சீலைத் துண்டுகள் என்ன ஆனது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: ஒன்று மாமியின் தலையணைக்குக் கீழே. மற்றது என் மகன் நித்திரைக்குப் போகும்போது பிடித்துக்கொள்வது, தோய்க்கவும் விடமாட்டான்.

மச்சாளுக்கு அடுத்த மாதம் பிள்ளை. நேற்று மாமி குசினி வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், "உந்த ஒட்டுப் பட்டி பெல்ட், முன்னால் தானே கழற்றலாம், அதில ஒன்று வாங்கித் தா பிள்ளை" என்றார். அப்ப அன்றிரவு முழிப்புத்தான். நான் சரி மாமி என்று மட்டும் சொன்னேன். தாதி அக்கா, மெலிந்த பெட்டை அவள், எந்த அளவு வாங்க?

ஓய்வுபெற்ற_தாதி:
இப்ப வாங்காதே. பிள்ளை பிறக்கட்டும், அதற்குப் பிறகு இடுப்பை அளந்து வாங்கு. பிள்ளை பிறந்த அன்றைக்கு எவளும் மெலிவில்லை.