கேஸ் நேர்காணலுக்கு ஊரில் இருந்தபடியே தயாராவது எப்படி?

கேள்வி: தேவகோட்டை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். கோடைக்காலப் பயிற்சிக்கு ஆள் எடுக்க விரைவில் எங்கள் வளாகத்துக்குக் கன்சல்டிங் (மேலாண்மை ஆலோசனை) நிறுவனங்கள் வரவிருக்கின்றன. ஒரு தொழில் பிரச்சினையைக் கொடுத்து அதை எப்படித் தீர்ப்பீர்கள் என்று கேட்பதுதான் அவர்களுடைய கேஸ் நேர்காணல். இடையில் கிடைத்த விடுமுறைக்குத் தேவகோட்டைக்கு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பதால் கொள்முதல், கடன், லாபம் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனாலும் ஒரு கேஸைக் கையில் எடுத்தால், மாணவர் கழகங்கள் வெளியிட்டிருக்கும் தொகுப்புகளில் படித்த லாப மரம் (லாபத்தை வரவு, செலவு என்று கிளைகளாகப் பிரிப்பது), புதிய சந்தையில் நுழைதல், விலை நிர்ணயம் ஆகிய சட்டகங்களில், அதாவது பிரச்சினையைப் பிரித்துப் பார்க்கும் ஆயத்த வடிவங்களில், எது இதற்குப் பொருந்தும் என்று தேடுவதிலேயே மனம் நின்றுவிடுகிறது.

சட்டகங்களை எந்த அளவுக்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? உடன் பயிற்சி செய்ய ஆள் இல்லாத ஊரில் இந்த விடுமுறையை எப்படிப் பயன்படுத்துவது? ‘கெஸ்டிமேட்’ எனப்படும் மதிப்பீட்டுக் கேள்விகளில் விடை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கானாடுகாத்தான்காரன்

தங்கைக்கு வணக்கம். நான் இத்துறையில் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளாக மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து நேர்காணல் செய்தும் வருகிறேன்.

சட்டகங்களை ஒருமுறை படித்துப் புரிந்துகொண்டு மூடி வைத்துவிடுங்கள். எந்தக் கேள்விக்கும் ஒரே மரத்தை வரைபவரை முதல் இரண்டு நிமிடங்களிலேயே அடையாளம் கண்டுவிடுவோம், ஏனென்றால் அவருடைய கிளைகளில் கேள்வியில் சொன்ன தொழிலின் வாசனையே இருக்காது. ஒரு பிரச்சினையை ஒன்றோடொன்று கலவாமலும் எதுவும் விடுபடாமலும் பிரிக்கத் தெரிகிறதா, பிரித்த பின் எந்தக் கிளையை முதலில் பார்ப்பது என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிகிறதா என்பவைதான் நாங்கள் கவனிப்பவை.

நம் பக்கத்துத் தொழில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை 20 அறைகள் கொண்ட ஓட்டலாக நடத்துகிறார்கள், ஓராண்டில் லாபம் 20 லட்சம் ரூபாய் குறைந்துவிட்டது, காரணம் என்ன என்பது கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். (எண்கள் எல்லாம் பயிற்சிக்காக நான் இட்டவை.) வரவு, செலவு என்று இரண்டாகப் பிரிப்பது யாரும் செய்வது. வரவை அறை வாடகை, சாப்பாடு, திருமணம் மற்றும் படப்பிடிப்புக்கு வீட்டை வாடகைக்கு விடுவது என்றும், செலவைச் சம்பளம், மின்சாரம், மழைக்கு முன் ஓடு மாற்றி வெள்ளையடிக்கும் பராமரிப்பு, முன்பதிவுத் தளங்களுக்குப் போகும் கமிஷன் என்றும் பிரித்தால், அந்த வீட்டை மனக்கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரை வருவதால், ஆண்டு முழுவதையும் ஒரே சராசரியாகப் பார்க்கலாமா என்று நீங்களே கேட்டால் இன்னும் நல்லது.

இப்போது நேர்காணல் செய்பவர், ஆண்டு முழுவதும் சராசரியாகப் பாதி அறைகள் நிரம்புவதும் ஓர் இரவு வாடகை 6,000 ரூபாயாக இருப்பதும் மற்ற வரவுகளும் சென்ற ஆண்டைப் போலவே தொடர்கின்றன என்கிறார். 20 அறைகளை 365 நாட்களால் பெருக்கினால் 7,300 அறை இரவுகள். அதில் பாதி 3,650. வாடகை வரவு 2 கோடியே 19 லட்சம். வரவு மாறவில்லை, ஆகவே அந்தக் கிளையை வாய்விட்டுச் சொல்லி மூடிவிட்டுச் செலவுக்குப் போகிறீர்கள். முன்பு வாடகை வரவில் 20 சதவீதம் மட்டுமே முன்பதிவுத் தளங்கள் வழியாக வந்தது, இப்போது 60 சதவீதம் வருகிறது, தளங்கள் எடுக்கும் கமிஷன் 20 சதவீதம் என்று அவர் சொன்னால், கமிஷன் 8.76 லட்சத்திலிருந்து 26.28 லட்சமாக உயர்ந்திருக்கிறது. 17.52 லட்சம் கூடுதல் செலவு. காணாமற்போன லாபத்தில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கு இதுவே. மீதியைத் தேடிப் போவதற்கு முன், ‘பெரும்பகுதி காரணம் இங்கே இருக்கிறது, இதற்குத் தீர்வு பார்க்கலாமா’ என்று கேட்கத் தெரிய வேண்டும். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம்.

நிறுவனத்துக்கு நிறுவனம் போக்கு சற்று மாறும். மெக்கின்சியில் பெரும்பாலும் நேர்காணல் செய்பவரே கேள்விகளை வரிசையாக வைத்து கேஸை நடத்துவார். பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெயின் ஆகியவற்றில் பொதுவாக நீங்கள்தான் அடுத்த அடியைச் சொல்லி நடத்திச் செல்ல வேண்டும். இரண்டுக்கும் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த ஓட்டலுக்கு நீங்கள் என்ன பரிந்துரைப்பீர்கள் என்பதை இங்கேயே எழுதுங்கள், பார்ப்போம்.

மறுமொழி 2: பூக்கல்

நான் கன்சல்டிங் படித்தவன் அல்லன். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகன் இத்தகைய தேர்வுக்குத் தயாரானபோது எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எல்லாவற்றையும் வரவு செலவாகப் பார்க்கும் பழக்கம் பட்டறைக்குள் உதவாது. எங்கள் கல்லைச் சூளையில் இடுவதில்லை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து உலர்த்துகிறோம். பத்துப் பேர் ஆளுக்கு 100 கல் போட்டால் நாளொன்றுக்கு 1,000. ஆனால் தொட்டியில் 2,400 கல்தான் அடங்கும், மூன்று நாள் ஊற வேண்டும் என்றால் உண்மையில் வெளியே வருவது 800. ஆர்டர் இரட்டிப்பானால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ‘ஆட்களைக் கூட்டுவேன்’ என்றான். தொட்டி எங்கே என்று அவன் கேட்கவே இல்லை.

நம் பக்கம் பட்டறைக்கும் கடைக்கும் குறைவில்லை. தேவகோட்டையில் பயிற்சிக்கு ஆள் இல்லை என்று ஏன் நினைக்கிறீர்கள் அம்மா? உங்கள் அப்பாவையே எதிரில் உட்கார வைத்து, ‘ஆடி மாதத்தில் கடை விற்பனை ஏன் சரிகிறது’ என்று தொடங்குங்கள். உங்கள் விடையில் எது நடக்காத காரியம் என்பதை அவர் உடனே சொல்லிவிடுவார்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற வங்கியாளர், காரைக்குடி

மதிப்பீட்டுக் கேள்வியைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. காரைக்குடி நகரில் ஒரு நாளைக்கு எத்தனை அரை லிட்டர் பால் பாக்கெட் விற்கும் என்று கேட்டால், 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் என்பதிலிருந்து தொடங்கி, நால்வருக்கு ஒரு வீடு என்று 27,000 வீடுகளாகக் கொண்டு, மாடு வைத்திருப்பவர்களையும் கறந்த பால் வாங்குபவர்களையும் கழித்து, டீக்கடைகளைத் தனியாகச் சேர்த்து விடைக்கு வர வேண்டும். விடை இருபதாயிரமா முப்பதாயிரமா என்பதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். டீக்கடையை மறந்தால் குறைப்பார்கள். வந்த விடையை வேறொரு வழியில் சரிபார்ப்பதும் அவசியம். ஒரு கடை காலையில் எத்தனை பெட்டி இறக்குகிறது, அப்படி எத்தனை கடைகள் இருக்கும் என்று பெருக்கிப் பாருங்கள்.

இனி மனக்கணக்கு. கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. எங்கள் தலைமுறையில் பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்ந்தவனுக்கு முதலில் கீழ்வாய் இலக்கம் எனப்படும் பின்ன வாய்பாடுதான் பாடம், அது இன்றும் பயன்படுகிறது. மா என்பது 5 சதவீதம், மாகாணி 6.25, அரைக்கால் 12.5, மூன்று மாகாணி 18.75 என்பவை நாவில் நின்றால், பங்கும் வளர்ச்சி வீதமும் கேட்கும்போது தாளில் வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். வெளிநாட்டு நிறுவனம் பற்றிய கேஸ் என்றால் மில்லியனிலும் பில்லியனிலும் பேசுவார்கள். 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன் என்பது தெரிந்தவர்களும் பதற்றத்தில் ஒரு சுழியை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தாளின் மூலையில் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் ஆடி மாதக் கேள்வியைக் கேட்டேன். ‘ஆடி என்று யார் சொன்னது, எங்களுக்கு அடி வாங்குவது மார்கழி’ என்றார். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் சீர்ப் பாத்திரம் வாங்குபவர்கள் வருவதில்லை, ஆடியிலாவது தள்ளுபடி என்று கொஞ்சம் பேர் வருகிறார்கள் என்பது அவர் விளக்கம்.

ஓட்டலுக்கு என் பரிந்துரை: முன்பதிவுத் தளங்கள் வழியாக வருபவர்களில் பாதிப் பேரை நேரடி முன்பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்காக நேரடியாகப் பதிவு செய்பவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கலாம். மாறக்கூடிய வரவு 2.19 கோடியில் 30 சதவீதம், அதாவது 65.7 லட்சம். அதில் மிச்சமாகும் கமிஷன் 13.14 லட்சம், கொடுக்கும் தள்ளுபடி 6.57 லட்சம், நிகர ஆதாயம் 6.57 லட்சம். சரியா அண்ணா?

மறுமொழி 4: கானாடுகாத்தான்காரன்

கணக்கு சரி. சொன்ன வரிசையும் நன்றாக இருக்கிறது. முதலில் பரிந்துரை, பிறகு காரணம், பிறகு எண் என்று எழுதியிருக்கிறீர்கள், அறைக்குள்ளும் அப்படியே சொல்லுங்கள்.

ஆனால் நேர்காணல் செய்பவர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார். இப்போதே நேரடியாகப் பதிவு செய்யும் 40 சதவீதத்தினர் தள்ளுபடியைக் கேட்க மாட்டார்களா? அவர்களிடமிருந்து வரும் 87.6 லட்சத்தில் 10 சதவீதம் போனால் 8.76 லட்சம் இழப்பு. உங்கள் 6.57 லட்ச ஆதாயம் மறைந்து, 2.19 லட்சம் கையைக் கடிக்கும். ஒரு சலுகை யாரை ஈர்ப்பதற்காகக் கொடுக்கப்படுகிறதோ அவரைத் தவிர வேறு யார் யார் கையில் போய்ச் சேரும் என்பதை விலை தொடர்பான எல்லா கேஸ்களிலும் கேட்டுப் பாருங்கள்.

இதிலிருந்து மீள வழி உண்டு. தள்ளுபடிக்குப் பதிலாக, ஓட்டலுக்குச் செலவு குறைவாகவும் விருந்தினருக்கு மதிப்பு அதிகமாகவும் தோன்றும் ஒன்றைக் கொடுக்கலாம்: காரைக்குடி ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவது, ஒரு வேளை இலைச் சாப்பாடு, பக்கத்துப் பட்டறையில் கல் போடுவதைக் காட்டுவது (பூக்கல் அண்ணன் அனுமதித்தால்). ஒரு பதிவுக்கு இதற்காக 300 ரூபாய் செலவாகும், ஒரு பதிவு சராசரியாக இரண்டு இரவுகள் என்று வைத்துக்கொண்டு, மாறி வரும் பதிவுகள், பழைய நேரடிப் பதிவுகள் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். தளங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நேரடி விலையை அவர்களுடைய விலைக்குக் கீழே இறக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இருந்தால் தள்ளுபடி யோசனை அங்கேயே முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு எனக்கு நேரம் இருக்கிறது. கூகுள் மீட்டில் ஒரு கேஸை முழுமையாகச் செய்து பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான் நடத்துவேன், கேமராவை அணைக்கக் கூடாது. இணைப்பைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

பூக்கல்

பட்டறையைக் காட்ட எனக்கு மறுப்பில்லை. ஆனால் காலை பதினோரு மணிக்கு முன் வரச் சொல்லுங்கள். பிற்பகலில் நாங்கள் உலர்த்தும் வேலையில் இருப்போம், அச்சு போடுவதைப் பார்க்க முடியாது. மேலும் அந்த ஓட்டல்காரர் ஆளொன்றுக்குப் பட்டறைக்கு எவ்வளவு கொடுப்பார் என்பதையும் உங்கள் 300 ரூபாய்க் கணக்கில் சேர்க்க வேண்டும்.