தண்டனைக்குப் பயந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது செல்லுமா?

செங்கதிர்:
'நான்தான் செய்தேன்' என்று நீதிமன்றத்தில் ஒருவர் சொல்லிவிட்டால் பெரும்பாலும் முழுச் சாட்சி விசாரணை கிடையாது, நேராகத் தண்டனைதான். அதைப் பயத்தில் சொல்லியிருந்தால்? அமெரிக்காவின் ஹேய்ஸ் வழக்கு 88 டாலர் 30 சென்ட் போலிக் காசோலைக்காக வந்தது. 'ஒப்புக்கொண்டால் 5 ஆண்டு கேட்பேன், மறுத்தால் தொடர் குற்றவாளி என்று வழக்குப் போடுவேன்' என்றார் அரசு வழக்கறிஞர். ஹேய்ஸ் மறுத்தார். கிடைத்தது ஆயுள் தண்டனை. 1978-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தவறில்லை என்றுவிட்டது. அவர் பயந்து தலையாட்டியிருந்தால், 'சுயவிருப்பம்' என்றுதானே பதிவாகியிருக்கும்?

தராசு:
பாதியைத்தான் சொல்கிறீர்கள் சார். ஹேய்ஸுக்கு ஏற்கெனவே 2 பெருங்குற்றத் தண்டனைகள் இருந்தன, தொடர் குற்றவாளிச் சட்டம் அவருக்குப் பொருந்தவே செய்தது. பொய் வழக்கு ஜோடித்து மிரட்டுவது வேறு, போடக்கூடிய வழக்கை முன்கூட்டியே சொல்வது வேறு. மரண தண்டனைக்கு அஞ்சினார் என்பதாலேயே ஒப்புதல் செல்லாததாகிவிடாது என்று 1970-ல் பிரேடி வழக்கில் தீர்ப்பே இருக்கிறது. பாதிக்கப்பட்டவரையும் நினையுங்கள். வழக்கு முடிந்தது என்று போனவரை, ஆண்டுகள் கழித்து மறுபடி கூண்டில் ஏற்றுவதா?

செங்கதிர்:
உண்மையான குற்றவாளி உள்ளே போனால்தானே அவருக்கும் நியாயம்? அதே 1970-ல் ஆல்ஃபர்ட் வழக்கு. 'நான் கொல்லவில்லை, மரண தண்டனைக்குப் பயந்துதான் ஒப்புக்கொள்கிறேன்' என்று நீதிபதி முன்னாலேயே சொன்னார். 30 ஆண்டு சிறை. அதையும் செல்லும் என்றார்கள்!

தராசு:
சும்மா ஏற்கவில்லை. அவர் துப்பாக்கியை எடுத்துப் போனதையும், திரும்பி வந்து கொன்றுவிட்டதாகச் சொன்னதையும் சாட்சிகள் கூறினார்கள்.

பவளமல்லி:
நான் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவள். நீங்கள் இருவரும் கொலை வழக்கையே பேசுகிறீர்கள். சின்ன வழக்கில்தான் ஒப்புதல் அதிகம் கெடுகிறது. ஜாமீன் கிடைக்காமல் உள்ளே கிடப்பவரிடம் 'ஒப்புக்கொண்டால் இருந்த நாளைக் கழித்து இன்றே விட்டுவிடுவார்கள்' என்றால், நிரபராதியும் ஒப்புக்கொள்வார். வழக்காடினால் இன்னும் பல மாதம் உள்ளே இருக்க வேண்டுமே.

1969-ல் அமெரிக்காவின் பாய்கின் வழக்கில் 5 கொள்ளைகளை ஒப்புக்கொண்டவருக்கு ஒவ்வொன்றுக்கும் மரண தண்டனை. நீதிபதி அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதாகப் பதிவில் இல்லை. அதனாலேயே தீர்ப்பு ரத்தானது. இப்போது கேட்கிறார்கள், ஆனால் 'புரிந்ததா?', 'ஆம்' என்பதோடு சரி. 'என்ன நடந்தது, நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். ஒப்புதலைக் கூடியவரை குற்றம் சாட்டப்பட்டவரின் சொற்களிலேயே எழுத வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்வது இதற்குத்தான். செய்தவருக்கு எந்தக் கதவு வழியாக நுழைந்தோம் என்பதும் தெரியும். செய்யாதவர் குற்றப்பத்திரிகையில் உள்ளதைத்தான் திருப்பிச் சொல்வார்.

தராசு:
இது எனக்கும் சம்மதம். ஆனால் அப்படிச் சொந்த வாயால் விவரமாகச் சொன்னவர், தண்டனை வந்த பிறகு பின்வாங்கக் கூடாது.

செங்கதிர்:
வக்கீலே தப்பாகச் சொல்லியிருந்தால்? அமெரிக்காவில் குடியேறி வாழ்ந்த பாடில்லாவுக்கு அதுதான் நடந்தது. 'இங்கே இத்தனை காலம் இருந்துவிட்டீர்கள், கவலை வேண்டாம்' என்ற வக்கீல் பேச்சை நம்பி ஒப்புக்கொண்டார். அப்புறம் பார்த்தால் நாடு கடத்தப்படும் நிலை. வக்கீல் கடமை தவறிவிட்டார் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் விதிப்படி அவர் வாயைத் திறந்திருக்கவே முடியாதே?